ஐ யாம் ஃபைன்

ஞாயித்துக்கிழமை சாயங்காலம்
அனுப்பர்பாளையத்துல ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
செக்கிங்கில் நான், அயர்னிங்கில் கந்தாயி,
மினி ஆட்டோ ஓட்டுற ஆறுச்சாமி,
தமிழை முடிச்சுட்டு இங்கிலீசுக்கு வந்த
ஒடிசா தம்பி பிகாஷ்.
டெய்சி மிஸ்ஸுக்கு இருபத்திரெண்டு வயசு.
போர்டுல எழுதிப் போட்டு
எல்லாரும் சொல்லுங்கன்னுச்சு:
ஹவ் ஆர் யூ? ஐ யாம் ஃபைன்.

நான் சொல்லலீங்க.
எந்திரிச்சு நின்னு கேட்டேன்:
மிஸ், நான் எதுக்கு ஃபைன் ஆகோணும்?

எட்டரைக்கு மேல விரல் வெச்சா அம்பது ரூபா.
ஒடிஞ்ச ஊசித்துண்டு ஆப்படாட்டி நூறு.
பாத்ரூமுல நின்னு போன் பேசுனா
அது அன்னன்னைக்கு சூப்பர்வைசர் மூஞ்சியைப் பொறுத்தது.
பதினோரு வருசமா
அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் எனக்கு.

மிஸ் சிரிக்கலை.
ஃபைன், நலம். ஃபைன், அபராதம்.
கொஞ்ச நேரம் யோசிச்சு இன்னொண்ணும் எழுதுச்சு.
ஃபைன், மெல்லியது.
அது எங்களுக்குத் தெரியும் மிஸ்.
அறுபதாம் நம்பர் நூலை விரலுக்கு நடுவுல வெச்சா
இருக்குதா இல்லையான்னே தெரியாது.

கட்டிங் டேபிள்ல மிஞ்சுன மார்க்கர் பேப்பரை மடிச்சு
ஓவர்லாக்குல தெச்ச நோட்டு என்னது.
அதுல எழுதி வெச்சிருக்கேன்.

லீவு: விட்டுட்டுப் போறது.
இத்தனை நாளா சூப்பர்வைசர்கிட்ட
விட்டுட்டுப் போறேன், விட்டுட்டுப் போறேன்னா
கெஞ்சிட்டு இருந்தேன்?

ஆர்ம்ஹோல்: கை, ஓட்டை.
ஒட்டுக்காப் பாத்தா தோள்.

டாலரன்ஸ்: அகராதியில சகிப்புத்தன்மை.
எங்க டேப்புல அரை சென்டிமீட்டர்,
அதைத் தாண்டுனா செகண்ட்ஸ்.
வூட்டுக்காரருகிட்ட இதை இன்னும் சொல்லலை.

செவ்வாக்கிழமை பையர் வந்தாங்க.
முந்துன நாளே புதுத் தொப்பி, புது மாஸ்க்,
தண்ணி கேனுக்கு மூடி.
வெளுக்காத நூல் நெறத்துல தலைமுடி அந்தம்மாவுக்கு.
நேரா வந்து என்ற டேபிள் முன்னால நின்னுச்சு.
ஹவ் ஆர் யூ?

அன்னைக்குன்னு அங்கேரிபாளையத்துல பஸ் பஞ்சர்.
எட்டு நாப்பது. அம்பது ரூபா.

பாடம் வாயில ரெடியா இருந்துச்சுங்க.
ஆனா வந்தது:
ஃபைன். ஃபிஃப்டி.

அரை எட்டு பின்னால நின்ன வெள்ளியங்கிரி சார்
பொசுக்குன்னு சிரிச்சாரு.
ஷீ இஸ் ஃபிஃப்டி மேடம். வெரி சீனியர்.

அஞ்சாம் பாடம் வயசு.
அது அவருக்குத் தெரியாது.

நோ. ஐ யாம் தர்ட்டி ஃபோர்.
ஃபைன் ஃபிஃப்டி. பஸ் லேட்.

மிஸ் இருந்திருந்தா
வெர்ப் எங்கன்னு கேட்டிருக்கும்.
அந்தம்மா கேக்கலை.
கண்ணாடியக் கழட்டுச்சு, என்னைப் பாத்துச்சு,
குட்டி நோட்டுல என்னமோ எழுதுச்சு,
மெல்லிசா, பொடி எழுத்துல.
தலைகீழா எனக்குப் படிக்க வரலை.

பொறவு எல்லா மெஷினும் பழையபடி ஓடுச்சு.
சார் எதுவுமே பேசலை.
அதுதான் ராத்திரி தூங்க விடலை.
கந்தாயி மட்டும் இஸ்திரிப் பொட்டியத் தூக்கிப் புடிச்சுட்டே
மெய்யாலுமே பேசுனியான்னு நாலு தடவை கேட்டா.

சனிக்கிழமை சம்பளச் சீட்டு.
ஃபைன்னு இருந்த கட்டத்தையே காணோம்.
நல்லாருந்துச்சுங்க,
கூட்டிப் பாக்கற வரைக்கும்.
அடியில புதுசா ஒரு கட்டம்.
அதர்ஸ். அம்பது.

மறுநா மிஸ்கிட்ட பொருள் கேட்டேன்.
மற்றவை. மற்றவர்கள்னும் வரும்னுச்சு.
யாருங் மிஸ் அந்த மத்தவங்க?
பிகாஷ் கையத் தூக்குனான். கந்தாயியும்.
ஆறுச்சாமி சன்னலுக்கு வெளிய பாத்தாரு,
அவரு வண்டிக்கு முந்தாநேத்துதான்
போலீஸ் சீட்டுக் கிழிச்சாங்க.

நோட்டுல சொல்லை எழுதிட்டேன்.
பக்கத்துல எடம் சும்மா கெடக்குது.

அடுத்த பாடம் கேள்வி கேக்கறதாமா.
ஹூ. ஒய். ஹவ் மச்.
மளார்னு நடத்துங்க மிஸ்.